திரும்பி வரும் சீட்டு

ஊருக்குப் புறப்படுகிறவன் "போகிறேன்" என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. "போய் வருகிறேன் என்று சொல்லப்பா" என்று திருத்துவார்கள். திரும்பி வருவதற்கு வாய்ச்சொல்லாலேயே ஓர் அச்சாரம் போட்டு வைக்கிற வழக்கம் அது. ஆனால் பிழைக்கப் போன அந்நிய தேசத்தின் வாசற்படியில் இந்த வாய்ச்சொல் செல்லாது. "போய் வருகிறேன்" என்பதை அங்கே சர்க்காரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அப்படி முறையாக எழுதி வாங்கிக்கொண்டு போயும் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரைப் பற்றியது இந்தச் சரித்திரம்.

அவர் பெயர் சே சான் பிங். சீனத் தொழிலாளி. 1875-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் அங்கேயே உழைத்தார். அவர் பெரிய தலைவரும் அல்ல, வீரரும் அல்ல. கோர்ட்டுக் கட்டுகளில் மட்டும் பெயர் நிலைத்துவிட்ட சாமானியர்.

அவருக்கு முன்பே அந்தக் கரையில் சீனர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் உலகம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் அங்கே ஓடினார்கள். சீனர்களும் போனார்கள். அந்தப் பிரதேசத்துக்கு அவர்கள் வைத்த பெயரே "தங்க மலை" என்பதுதான். தங்கம் வற்றியபோது ரயில்பாதை வந்தது. அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்து 1869-ல் முடிந்த பாதையில், மேற்குப் பாதியின் மலைகளைக் குடைந்து வழிசெய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனக் கூலிகளே. பதினாயிரம் பேருக்கு மேல் அந்த வேலையில் இருந்தார்கள். வேலை இருந்தவரைக்கும் "உழைப்பாளிகள்" என்று பெயர். வேலை முடிந்து, கூலி குறைந்து, வெள்ளைத் தொழிலாளிக்கும் வேலை கிடைக்காத காலம் வந்ததும் "வந்தேறிகள்" என்று பெயர் மாறிவிட்டது. இந்தப் பெயர் மாற்றத்துக்கு எந்த தேசமும் விலக்கல்ல.

1880-ல் அமெரிக்காவும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சீனத் தொழிலாளர் வரவை அமெரிக்கா மட்டுப்படுத்தலாம், சில காலம் நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் தம் இஷ்டம் போல் போகலாம், வரலாம் என்பது அதன் சாரம். 1882-ல் வந்த சட்டம் புதிய தொழிலாளர் வரவைப் பத்து வருஷத்துக்கு நிறுத்தியது. பழையவர்களுக்கு என்ன வழி? அதற்காகத்தான் சீட்டு ஏற்பட்டது. கப்பல் புறப்படுமுன் துறைமுகத்துச் சுங்க அதிகாரி தொழிலாளியின் பெயர், வயது, தொழில், கடைசியாக வசித்த இடம், உடம்பில் உள்ள அடையாளங்கள் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ஓர் அத்தாட்சிச் சீட்டுக் கொடுப்பார். அதைக் காட்டினால் திரும்ப உள்ளே வரலாம். 1884-ல் செய்த திருத்தம், திரும்பி வரும் உரிமைக்கு அந்தச் சீட்டு ஒன்றே சாட்சி என்று ஆக்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஒரு தெருவில் குடியிருந்தவனை அந்தத் தெருவே அடையாளம் சொன்னாலும் போதாது. காகிதம் பேச வேண்டும்.

இதில் உடனே ஒரு சிக்கல் வந்தது. சியூ ஹியாங் என்பவர் 1881-ல், அதாவது சீட்டு என்ற ஒன்று உண்டாவதற்கு முன்பே, ஹொனலூலுவுக்குப் போய்விட்டார். 1884-ல் திரும்பி வந்தபோது, "சீட்டு எங்கே?" என்றார்கள். ஸுப்ரீம் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. முடியாத காரியத்தைச் சட்டம் ஒருவனிடம் கேட்க முடியாது என்பது நீதிபதி ஹார்லனின் வாதம். அந்தத் தீர்ப்புக்கு உடன்படாத இருவரில் ஒருவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு. இவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் தந்திக் கம்பி போடப் பாடுபட்ட ஸைரஸ் ஃபீல்டின் சகோதரர் இவர். கலிபோர்னியாவில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து, சீனர்களை நேரில் பார்த்தே பழகியவர்.

சே சான் பிங்குக்கு சியூ ஹியாங்கின் சிக்கல் இல்லை. அவரிடம் சீட்டு இருந்தது. 1887 ஜூன் 2-ஆம் தேதி "கேலிக்" என்ற கப்பலில் சீனாவுக்குப் புறப்பட்டார். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் தங்கினார். 1888 செப்டம்பர் 7-ஆம் தேதி ஹாங்காங்கில் "பெல்ஜிக்" கப்பல் ஏறினார். பசிபிக் சமுத்திரத்தைக் கடக்க ஒரு மாதம் பிடித்தது.

அந்த ஒரு மாதத்தில் வாஷிங்டனில் என்ன நடந்தது? அது ஜனாதிபதித் தேர்தல் வருஷம். மேற்குக் கரையின் ஓட்டுகள் இரு கட்சிகளுக்கும் வேண்டியிருந்தன. சீனாவோடு பேசி வந்த புதிய உடன்படிக்கை இழுபறியாகி, சீனா அதை மறுத்துவிட்டது என்ற வதந்தியும் பரவியது. உடனே ஸ்காட் என்ற பிரதிநிதியின் பெயரால் ஒரு மசோதா பிறந்தது. ஊருக்குப் போன சீனத் தொழிலாளர் எவரும் இனித் திரும்பி வரக் கூடாது. கொடுத்த சீட்டுகள் அத்தனையும் செல்லாது. அக்டோபர் முதல் தேதி ஜனாதிபதி கிளீவ்லண்டு கையெழுத்திட்டார். சுமார் 20,000 சீட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆயின. சீட்டோடு நடுக்கடலில் வந்துகொண்டிருந்தவர்கள் மட்டும் சுமார் 600 பேர்.

"பெல்ஜிக்" கப்பல் அக்டோபர் 8-ஆம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ வந்து சேர்ந்தது. சமுத்திரத்தில் போகிற கப்பலுக்குச் செய்தி சொல்லக் கம்பியில்லாத் தந்தி அப்போது கிடையாது. கையெழுத்தாகி ஒரு வாரம் ஆன சட்டத்தைத் துறைமுகத்தில்தான் பிரயாணிகள் அறிந்துகொண்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நாம் சொல்வதுண்டு. இங்கே பூசாரியைக் குறை சொல்ல வழியில்லை. கொடுத்த வரத்தைச் சாமியே திரும்ப வாங்கிக்கொண்டது. கண்ணுக்கு எதிரே பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த ஊர். கையிலே அந்த ஊர்ச் சர்க்காரின் முத்திரை. கால் மட்டும் கரையில் படக் கூடாது!

சே சான் பிங் சும்மா திரும்பிவிடவில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோச் சீனர்களின் சங்கம் துணை நிற்க, வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. உடன்படிக்கை இருக்கிறதே, சர்க்காரே கொடுத்த சீட்டு இருக்கிறதே, அதை நம்பித்தானே கடல் கடந்தார் என்று அவர் வக்கீல்கள் வாதாடினார்கள். 1889 மே 13-ஆம் தேதி கோர்ட்டு ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நமது நீதிபதி ஃபீல்டு. உடன்படிக்கைக்குப் பின் வந்த சட்டம் உடன்படிக்கையை மீறினாலும் செல்லும். அந்நியரை உள்ளே விடாதிருப்பது ஒரு தேசத்தின் அரசுரிமை. அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சீட்டு என்பது சர்க்கார் நினைத்தபோது ரத்து செய்யக்கூடிய சலுகையே தவிர உரிமை அல்ல. இவ்வளவோடு நிற்காமல், கூட்டம் கூட்டமாக வந்து நெருக்கும் அந்நிய ஜனங்களைப் படையெடுத்து வரும் எதிரிக்குச் சமமாகவும் வைத்துப் பேசினார். படையெடுத்து வந்தவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு சீட்டு! சே சான் பிங் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஃபீல்டு சீனர்களின் ஜன்மப் பகைவர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். கதை எழுதுகிறவனானால் அப்படித்தான் பாத்திரத்தை அமைப்பான். சரித்திரம் அவ்வளவு சுலபமாக வேலை செய்வதில்லை. இதே ஃபீல்டுதான் 1879-ல், சிறைக்குப் போகும் சீனர்களின் பின்னலைக் கத்தரிக்க ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம் போட்ட விதியைச் செல்லாதென்று அடித்தவர். 1892-ல் வந்த கியரி சட்டம், உள்ளே வசிக்கும் சீனத் தொழிலாளிகளும் வசிப்புச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு கடத்தலாம் என்றது. 1893-ல் கோர்ட்டின் பெரும்பான்மை அதை ஏற்றுக்கொண்டது. ஏற்க மறுத்த மூவரில் ஃபீல்டும் ஒருவர். வெளியே நிற்பவனை உள்ளே விடாதது வேறு. உள்ளே வசிப்பவனைப் பிடித்து வெளியே தள்ளுவது வேறு என்றார்.

அழகான பேதம்தான். ஆனால் சே சான் பிங் எந்தப் பக்கத்து மனிதர்? பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தார். பதினாறு மாதம் வெளியே இருந்தார். சொந்த ஊர் பார்த்துவரப் போனதனால் அவருடைய வாழ்வு முழுவதும் "வெளியே" ஆகிவிட்டதா? ஃபீல்டின் பேதம் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. குடியிருப்பு என்பது ஒருவன் கால் ஊன்றியிருக்கும் நிமிஷத்தில் மட்டும் இருப்பதல்ல. அவன் திரும்பி வருவான் என்று இரு தரப்பும் நம்புவதுதான் குடியிருப்பு.

சீனரைத் தடுத்த சட்டங்களை 1943-ல் ரத்து செய்தார்கள். யுத்தத்தில் சீனா கூட்டாளி ஆகிவிட்டதே! அப்போதும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் இடம். அந்தப் பழைய சட்டங்களுக்காக 2011-ல் ஸெனட்டும் 2012-ல் பிரதிநிதிகள் சபையும் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டன. ஆனால் சே சான் பிங் தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அதன் நிழல் நீண்டது. இருபத்தைந்து வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்த இக்னாஸ் மெஸெய், சாகக் கிடந்த தாயைப் பார்க்க 1948-ல் ஐரோப்பா போனார். 1950-ல் திரும்பியவரைக் காரணம் சொல்லாமலே எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். வேறு எந்த நாடும் அவரை ஏற்கவில்லை. 1953-ல் ஸுப்ரீம் கோர்ட்டு, ஒரே ஓட்டு வித்தியாசத்தில், அவரை அங்கேயே விட்டது. 1982-ல்தான், திரும்பி வரும் நிரந்தரவாசியை நியாயமான விசாரணை இல்லாமல் தள்ளக் கூடாது என்று அதே கோர்ட்டு தெளிவாகச் சொன்னது.

இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களிடம் பச்சை அட்டை இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்க நினைப்பவர்கள் புறப்படுமுன்பே மறுநுழைவு அனுமதி கேட்டு மனுப் போடுகிறார்கள். அது சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குச் செல்லும். 2017 ஜனவரி 27-ஆம் தேதி ஏழு நாட்டாரைத் தடுத்து ஓர் உத்தரவு பிறந்தபோது, பச்சை அட்டையோடு ஆகாய விமானத்தில் வந்துகொண்டிருந்த சிலர், இறங்கியதும் தடுத்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் அவர்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் வந்துவிட்டது. நூற்று இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய அந்த 600 பேருக்கு அப்படி ஒரு விளக்கம் வரவில்லை.

சீட்டில் பெயர், வயது, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் எழுத இடம் இருந்தது. அதைக் கொடுத்தவர் சொன்ன சொல் தவறமாட்டார் என்று எழுதத்தான் இடம் இல்லை.