மௌனித்த பரம்பரையலகுகள்: பெற்றூனியா மலரிலிருந்து மரவள்ளி இலை வரை

கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் வெள்ளவத்தைச் சந்தையிலும் குவிந்து கிடக்கும் மரவள்ளிக் கிழங்கு இந்நாட்டு மண்ணுக்கே உரிய பயிரன்று. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர், 1786 இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராப் என்பவரால் மொரீசியசுத் தீவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1970களின் முற்பகுதியில் அரிசி அரிதாகியபோது ஏழை எளியோரின் பசியைத் தணித்தவற்றுள் இக்கிழங்கு முதன்மையானது. அதன் இலைகளிலே மஞ்சள் தேமல் படர்வித்து விளைச்சலைக் குறைக்கும் வைரசு ஒன்று, இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரசு என இந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவ்வைரசைத் தாவரம் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாறு, தோல்வி எனக் கருதப்பட்ட பரிசோதனைகளிலிருந்து தொடங்குவதாகும்.

1983 அளவில் அந்நியப் பரம்பரையலகுகளைத் தாவரத்துட் புகுத்தும் முறை கைவந்தது. ஆயினும் புகுத்தப்பட்ட அலகு எல்லாத் தாவரங்களிலும் ஒரேவிதமாகத் தொழிற்படவில்லை. ஒன்றில் ஓங்கியும், மற்றொன்றில் மங்கியும், வேறொன்றில் முற்றாக அடங்கியும் காணப்பட்டது. நிறமூர்த்தத்தில் அது சென்றமர்ந்த இடமே இதற்குக் காரணம் என விளக்கம் கூறப்பட்டது. அவ்விளக்கம் முழுமையானதன்று என்பதைப் பெற்றூனியா மலர்களே உணர்த்தின.

கலிபோர்ணியாவில் நபோலி, யோர்கென்சன் முதலியோர் பெற்றூனியாவின் ஊதா நிறத்தை ஆழமாக்கும் நோக்குடன், நிறத்தை ஆக்கும் நொதியத்துக்குரிய அலகை மேலதிகமாகப் புகுத்தினர். 1990 இல் அவர்கள் வெளியிட்ட பெறுபேறு எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. அலகைப் பெற்ற தாவரங்களுள் 42 வீதமானவை முழு வெண்மையாகவோ வெண்திட்டுகளுடனோ பூத்தன. புகுந்த அலகு தான் அடங்கியதோடு நில்லாது, தாவரத்தின் சொந்த அலகையும் அடக்கியிருந்தது. அதே ஆண்டில் ஜேர்மனியின் கெல்ன் நகரில், சோளத்தின் அலகொன்றைத் தாங்கிய ஏறத்தாழ 30,000 பெற்றூனியாக்கள் திறந்த வெளியில் நடப்பட்டன. செந்நிறமாகப் பூத்தவற்றுட் பல, பருவம் முதிர முதிர நிறம் வெளிறின. முன்னையதில் அலகிலிருந்து பிறந்த ஆர்.என்.ஏ. அழிக்கப்பட்டது; பின்னையதில் அலகின் தொடக்கப் பகுதியே இரசாயன மாற்றமுற்று மூடப்பட்டது. இரண்டும் மௌனமே, வழிகள் வேறு.

இம்மௌனத்தின் பயனை வைரசு ஆய்வுகள் துலக்கின. 1928 இலேயே ஐக்கிய அமெரிக்காவில் விங்காட் என்பார், வைரசு தொற்றிய புகையிலைச் செடியின் மேலிலைகள் நோய்க்குறியின்றித் தளிர்ப்பதைப் பதிவு செய்திருந்தார். அதன் காரணம் அன்று விளங்கவில்லை. 1993 இல் டொகேட்டி குழுவினர், வைரசின் அலகொன்றைத் தாங்கிய புகையிலை முதலில் நோயுற்றுப் பின்னர் மீள்வதையும், மீண்ட இலைகளில் அவ்வலகின் ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதையும் கண்டனர். 1998 இல் பயர், மெலோ ஆகியோர், இரட்டைப்பட்டு ஆர்.என்.ஏ.யே அடக்குதலைத் தூண்டுவது எனப் புழுவொன்றில் நிறுவினர். 1999 இல் ஹமில்டன், போல்கொம் இருவரும் அடக்கப்படும் அலகுக்கு இணையான குறுகிய ஆர்.என்.ஏ. துண்டுகளைத் தாவரங்களிற் கண்டறிந்தனர். துண்டிக்கப்பட்ட எதிரியின் செய்தியையே அடையாளமாகக் கொண்டு, அதனையொத்த ஏனைய செய்திகளையும் தாவரம் வெட்டியழிக்கின்றது. 2006 இல் நோபல் பரிசு பயர், மெலோ இருவருக்கும் கிடைத்தது. வழிகாட்டிய தாவர ஆய்வாளர் எவரும் அதிற் பங்கு பெறவில்லை.

இவ்வறிவு தமிழர் உணவுப் பயிர்களையும் வந்தடைந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பியும் சிவப்பிரசாதும், சுவிற்சலாந்தின் பூகின், ஹோன் ஆகியோருடன் இணைந்து 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெள்ளை ஈயாற் பரவும் மஞ்சட் சித்திரவடிவ நோயுற்ற உளுந்துச் செடிகளில், அவ்வைரசின் ஒரு பகுதிக்கு இணையான இரட்டைப்பட்டு ஆர்.என்.ஏ.யை ஆக்கவல்ல டி.என்.ஏ. செலுத்தப்பட்டது. பெரும்பாலான செடிகள் நோயினின்றும் மீண்டன. 2004 இல் செல்லப்பன், வனிதாரணி, போக்கே முதலியோர் மரவள்ளியைத் தாக்கும் ஐந்து வைரசுகளை ஒப்பிட்டனர். இலங்கையின் பெயர் தாங்கிய வைரசு தொற்றிய தாவரங்கள் காலப்போக்கில் மீள்வதையும், மீள்கையில் அவற்றிற் குறுந்துண்டுகள் மிகுவதையும், வைரசின் டி.என்.ஏ. குறைவதையும் அவர்கள் காட்டினர். ஐந்து வைரசுகளும் அடக்குதலைத் தூண்டின. ஆயினும் அதன் வலிமை வைரசுக்கு வைரசு வேறுபட்டது.

எனினும் இதனை வெற்றி வரலாறாக மட்டும் கொள்வது பொருந்தாது. வைரசுகளும் வாளாவிருப்பதில்லை. தாவரத்தின் அடக்குதலையே முறியடிக்கும் புரதங்கள் வைரசுகளில் உள்ளன என்பதை 1998 இல் ஆனந்தலட்சுமி முதலியோரின் ஆய்வு உணர்த்தியது. ஆய்வுகூடத்தில் உளுந்து மீண்டமை வேறு, வயலில் விவசாயி பயன்பெறுதல் வேறு. இலங்கை வைரசு 2015 இற் கம்போடியாவிற் கண்டறியப்பட்டு, பின்னர் வியட்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் பரவியது. நோயுற்ற தடிகளை நடுகைக்காக ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டு செல்வதும் அப்பரவலுக்கு ஏதுவாயிற்று. கலத்தினுள் நிகழும் போரை அறிந்த விஞ்ஞானம், தடிக்கட்டொன்றின் பயணத்தைத் தடுக்க இயலாது நின்றது.

ஆகவே இவ்வரலாறு இரண்டு உண்மைகளை முன்வைக்கின்றது. வெண்மலரைப் பிழையென வீசியெறியாது, அதனை எண்ணிக் கணக்கெடுத்து எழுதிவைத்த நேர்மையே இப்பேரறிவுக்கு வித்தாயிற்று என்பது ஒன்று. அவ்வறிவு நல்ல தடியாகவும் நல்ல விதையாகவும் உழவன் கையைச் சேரும்வரை அதன் பணி நிறைவுறாது என்பது மற்றொன்று. முன்னையது விஞ்ஞானிகளால் நிறைவேறியது; பின்னையது சமுதாயத்தின் கடனாக எஞ்சி நிற்கின்றது.