"கானுக்குள் விடாதே" என்ற சட்டமும் "கானுக்குள் விடு" என்ற சட்டமும்



குசினித் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் தெருக் கானுக்குள் விடக் கூடாது என்று அறிவித்தல் வரும்போதெல்லாம் ஊரில் ஒரே கேள்விதான் எழும்புகிறது: "அப்படியென்றால் எங்கே விடுவது?" நியாயமான கேள்வி. ஐந்து பேர்ச்சஸ் காணிக்குள் வீடும் கட்டி, கிணறும் வைத்து, மலசலகூடக் குழியும் தோண்டியவருக்கு வேறு இடம் ஏது? இதே கேள்வியை இருநூறு வருடங்களுக்கு முன் லண்டன்காரர்களும் கேட்டார்கள். சரியான பதில் கிடைப்பதற்குள் பல்லாயிரம் மையித்துகள் விழுந்துவிட்டன. கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

லண்டனின் பழைய கான்கள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை. 1815 வரை வீட்டு மலக்கழிவை அவற்றுக்குள் விடுவது சட்டப்படி குற்றம். ஒவ்வொரு வீட்டின் கீழும் அல்லது பின்னாலும் ஒரு குழி இருக்கும். இரவில் கூலியாட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்த் தோட்டக்காரர்களுக்கு எருவாக விற்பார்கள். நாற்றம் இருந்ததுதான், ஆனால் கணக்கு ஓடியது. அதைக் குழப்பியது தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடம். ஜோசப் பிரமா 1778இல் காப்புரிமை பெற்ற அந்தச் சாமான் வசதியான வீடுகளில் பரவப் பரவ, குழிக்குள் மலத்தை விடப் பல மடங்கு தண்ணீர் போய்ச் சேர்ந்தது. குழிகள் நிரம்பி வழிந்தன. தண்ணீர் கலந்த எருவை வாங்கவும் ஆளில்லை. 1815இல் விதி தளர்ந்தது, விரும்பினால் கானோடு இணைக்கலாம் என்றார்கள். குற்றமாக இருந்தது அனுமதி ஆனது.

அடுத்த கட்டத்தில் அந்த அனுமதி கட்டாயமானது. எட்வின் சாட்விக் என்ற அதிகாரி 1842இல் ஏழைத் தொழிலாளரின் சுகாதார நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். கெட்ட வாடையால்தான் நோய் வருகிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே குழிகளை மூடு, வாடையை வீட்டை விட்டு விரட்டு என்றார். 1848இல் லண்டனுக்கென அமைக்கப்பட்ட கான் ஆணைக்குழு அதைத்தான் செய்தது. சுமார் ஆறு வருடங்களில் முப்பதாயிரம் குழிகள் மூடப்பட்டன. வீடுகள் கானோடு இணைந்தன. கான்கள் நேரே தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தன.

நகரத்தின் பெரும்பகுதிக்குக் குடிநீர் வந்ததும் அதே ஆற்றிலிருந்துதான்.

நல்ல நோக்கம், கடுமையான விதி, மும்முரமான அதிகாரிகள், எல்லாம் இருந்தன. குழாயின் மறுமுனை எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. 1848-49 வாந்திபேதியில் லண்டனில் 14,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1853-54இல் இன்னும் 10,000க்கு மேல். வைத்தியர் ஜோன் ஸ்னோ தெற்கு லண்டனில் வீடு வீடாக விசாரித்தார். ஒரே தெருவில் இரண்டு கம்பனிகளின் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. ஒரு கம்பனி நகரத்துக் கழிவு கலந்த இடத்தில் நீர் எடுத்தது. மற்றது 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பக்கம் மாற்றிவிட்டது. முதல் கம்பனியின் பதினாயிரம் வீடுகளுக்கு 315 மரணம், இரண்டாவதுக்கு 37. நோய் காற்றில் அல்ல, தண்ணீரில் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் அன்றைய பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை.

குழியே பாதுகாப்பு என்று இதை வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதே 1854இல் புரோட் தெருவில் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது ஒரு வீட்டுக் குழிதான். நோயுற்ற குழந்தையின் துணிகளைத் துவைத்த தண்ணீரைத் தாய் அதற்குள் ஊற்றினாள். குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. அதற்கும் தெருக் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. மணல் மண்ணில், தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் காணும் ஊர்க்காரர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

விஷயத்தை முடித்து வைத்தது மரணங்கள் அல்ல, நாற்றம். 1858 கோடை வெயிலில் தேம்ஸ் கொதித்துக் கிளம்பியது. பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஏழைகள் செத்தபோது வராத பணம், தங்கள் மூக்கைப் பிடித்தபோது சில வாரங்களில் வந்தது. பொறியியலாளர் ஜோசப் பசல்கெட் 82 மைல் நீளத்துக்குப் பெருங்கான்களைக் கட்டி, ஆற்றில் விழவிருந்த கழிவை மறித்து நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோனார். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது முக்கியமாகத் தாக்கியது கிழக்கு லண்டனை. அங்குதான் வேலை இன்னும் முடியாமல் இருந்தது.

அத்தோடும் முடியவில்லை. 1878இல் 'பிரின்ஸஸ் எலிஸ்' என்ற பயணிகள் கப்பல் இந்தக் கழிவு விழும் இடத்துக்குப் பக்கத்தில் மோதி மூழ்கியது. சற்று முன்புதான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. 600க்கு மேற்பட்டோர் அந்தத் தண்ணீரில் இறந்தார்கள். பிறகுதான் திண்மக் கழிவைப் பிரித்தெடுத்துக் கப்பலில் கடலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு வந்தது.

இந்தக் கதை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. கொழும்பின் கழிவுநீர்த் தொகுதிக்குத் திட்டம் கொடுத்தவர் ஜேம்ஸ் மான்சர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். 1906க்குப் பிறகு சுமார் பத்து வருடங்களில் குழாய்கள் பதிக்கப்பட்டன. அந்தத் தொகுதியின் கழிவு பல பத்தாண்டுகளாகச் சுத்திகரிக்கப்படாமலே போனது. இன்றும் முகத்துவாரமும் வெள்ளவத்தையும்தான் கடலில் விடும் இடங்கள். கொழும்புக்கு வெளியே வாளி மலசலகூடங்கள் வெகுகாலம் இருந்தன. அவற்றைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். நகரங்களின் சுத்தத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சட்டம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டநூலின் 1212ஆம் பிரிவு இதையேதான் பேசுகிறது. அடுத்தவர் கிணற்றுக்குப் பக்கத்தில் குழியோ கழிவுக் கானோ அமைத்துத் தண்ணீரைக் கெடுத்தால், அந்தத் தீங்கை நீக்க வைக்க வேண்டும். நீக்க வழியில்லையென்றால் குழியையே மூடிவிட வேண்டும். அது ஹனபி மத்ஹபில் தொகுக்கப்பட்டது, நாம் ஷாபிஈகள் என்று தர்க்கிக்க வருபவர்கள், முதலில் பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடியில் என்று அளந்துவிட்டு வரட்டும்.

கடைசியாகப் பணம். இங்கிலாந்தின் 1875 பொதுச் சுகாதாரச் சட்டம் புதிய வீடுகளுக்கு ஓர் அளவு வைத்தது: 100 அடிக்குள் பொதுக் கான் இருந்தால் இணைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மூடிய குழி. ஏற்கனவே கட்டிய வீட்டில் ஒழுங்கான கான் இல்லையென்றால் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்தல் போகும். அவர் செய்யாவிட்டால் சபையே வேலையைச் செய்து செலவை அறவிடலாம். ஆனால் ஒரேயடியாகக் கட்டு என்று கழுத்தைப் பிடிக்கத் தேவையில்லை. முப்பது வருடங்கள் வரை, ஐந்து வீதத்துக்கு மேற்படாத வட்டியோடு தவணையாக அறவிடச் சட்டம் இடம் கொடுத்தது. வாடகைக்கு இருப்பவர் கட்டினால் ஒரு பகுதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இணைப்பு விதி ஏழை வீட்டிலும் நடைமுறைக்கு வர முடிந்ததற்கு இப்படியான வாசகங்களும் காரணம் என்பது என் எண்ணம்.

நம் சபைகளில் கழிவுநீர்த் திட்டம் பற்றிப் பேச்சு வரும்போது இந்த இரண்டையும் கேளுங்கள்: குழாய் எங்கே போய் முடியும், இணைப்புக் காசைத் தவணையாகக் கட்டலாமா? ஊரில் வாளிக் காலம் ஞாபகமுள்ள பெரியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத இயலாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக் கொடுங்கள்.