வழிபாட்டுத் தமிழின் மூன்று படிவுகள்

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டினை வெளியிட்டது. அதன் பயனாகத் தமிழகக் கத்தோலிக்கக் கோயில்களில் இலத்தீன் நீங்கித் தமிழ் இடம்பெற்றது. அம்மாற்றத்தால் மறைந்தது இலத்தீன் ஒன்றே எனப் பலரும் கருதுவர். அதனோடு ஒரு தமிழும் மறைந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

குரு பீடத்தண்டை இலத்தீனில் பூசை நிகழ்த்துங்கால், மக்கள் தமிழில் செபமாலையும் பிற செபங்களும் சொல்லுவர். பூசையே தமிழானபின் அச்செபங்களுக்கு அங்கு இடமின்றிப் போயிற்று. தாய்மொழி வழிபாடு வந்ததனாலேயே தாய்மொழிச் செபம் ஒதுங்கியது முரணாகத் தோன்றினும் உண்மையாம்.

அச்செபங்களின் சொற்கள் ஒரே காலத்தன அல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய, அண்டிரிக் அடிகளாரின் பதினாறு பக்க நூல் இறைவனைத் ‘தம்பிரான்’ என்றது. சைவ மடத்துத் துறவியர்க்கும் வழங்கும் சொல் இது. குருசு, இஸ்பிரீத்து சாந்து என்னும் போர்த்துகேயச் சொற்களும் முத்துக்குளித்துறைக் காலத்து வழக்கின் எச்சங்களே. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இவ்வழக்கை ஏற்றிலர். சர்வேசுரன், பூசை, ஞானஸ்நானம் முதலிய சொற்கள் அவர் வழியாகவே வேரூன்றின. இவை வடசொற்கள் என்பது பற்றி இன்று அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் காலத்துச் சமய அறிஞரின் மொழி அதுவே.

சங்கத்திற்குப்பின் நிகழ்ந்தது மூன்றாம் படிவு. பூசை ‘திருப்பலி’ ஆயிற்று; தேவதிரவிய அனுமானம் ‘அருட்சாதனம்’ ஆயிற்று; அர்ச்சிஷ்டர் ‘புனிதர்’ ஆயினர்; சேசு ‘இயேசு’ ஆனார். தனித்தமிழுணர்ச்சி இதற்குத் துணைநின்றது. சீர்திருத்தச் சபையாருடன் இணைந்து 1995இல் வெளியிட்ட விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இவ்வழக்கை மேலும் உறுதிப்படுத்தியது. மாற்றம் வேண்டற்பாலதே. தேவதிரவிய அனுமானம் என்பதைக் கேட்டுப் பொருளுணர்வார் அன்றும் மிகச் சிலரே. ஆயின் முன்னைய படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து உடன்வாழ்ந்தன. ஒரே செபத்தில் குருசும் சர்வேசுரனும் அருகருகே நின்றனர். மூன்றாம் படிவோ முன்னையவற்றைப் பெரிதும் அகற்றியது.

அகன்றவை முற்றும் அழிந்தில. கோவாவிற் பிறந்து 1705இல் இலங்கை சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ பெரிய கிழமையில் இராகத்தோடு ஓதப்பெறுவதொன்று. இத்தகைய மரபு குருமாரினும் பொதுமக்களாலேயே பேணப்பட்டது. அதனாலேயே சங்க ஆணை அதனைத் தீண்டவில்லை போலும்.

ஊர்ப்பற்றால் நிற்கும் இம்மரபு, ஊர் கலையுமிடத்து யாதாகும்? திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் எண்ணிப் பார்க்கலாம். முன்னது இராமாநுசர் பிறந்த ஊர். அங்குள்ள கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சொல் மாற்றாமலே ஓதுவர். அதே நிலப்பகுதி இன்று தொழிற்சாலைகளால் நிறைந்து, பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து சேரும் இடமாயிற்று. அங்குக் கூடும் கிறித்தவர் அனைவர்க்கும் பொதுவாவது அச்சிட்ட திருப்பலி நூலின் தமிழே. ஊர்தோறும் வேறுபட்ட செபப் பாடமும் இராகமும் அங்குத் தொடர்தல் அரிது. ஆதலின் அவற்றை ஒலிப்பதிவு செய்தலும் பாடவேறுபாடு குறித்தலும் பிறந்த ஊர்களிலேயே, முதியோர் உள்ளபோதே, நிகழ வேண்டுவன. அம்முதியோர் நாவில் திருப்பலி இன்றும் ‘பூசை’யே.