காற்றோடு வந்த ஈ

மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்ட்டா ஆற்றுப் படுகைகளில் நல்ல விளைநிலம் ஆளற்றுக் கிடக்க, தள்ளியிருந்த வறண்ட மேட்டில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் உண்டு. காரணம் ஆற்றுக் குருடு. கறுப்பு ஈ கடிக்கும்போது உடலுக்குள் புகும் நூற்புழுவின் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் பரவி, பல ஆண்டுகளில் பார்வையைப் பறித்துவிடும். மக்கள் ஆற்றை நோக்கி முன்னேறுவதும் நோய்க்கு அஞ்சிப் பின்வாங்குவதும் மாறி மாறி நடந்திருக்கலாம் என்று, கானாவின் நங்கோடி பகுதியை ஆராய்ந்த புவியியலாளர் ஜான் ஹன்டர் 1966இல் எழுதினார். அடிமை பிடிக்க வந்தவர்களும் தூக்க நோயும்தான் ஊர்களைக் கலைத்தன என்று மறுப்பவர்கள் உண்டு. அவையும் கலைத்திருக்கும். ஆனால் அடிமை வேட்டை ஓய்ந்த பிறகும் கரையோர நிலம் ஏன் நிரம்பவில்லை என்பதற்கு அந்த மறுப்பில் விடையில்லை.

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற ஐ.நா. அமைப்புகளும் 1974இல் 7 நாடுகளில் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், பறக்கும் ஈயை விட்டுவிட்டு அதன் லார்வாவைக் குறிவைத்தது. இந்த லார்வா தேங்கிய நீரில் பிழைக்காது. அருவியும் பாறையுமான ஓட்டத்தில், தானே சுரந்த பட்டுத் திட்டில் கொக்கிகளால் பற்றிக்கொண்டு, விசிறி போன்ற வாயுறுப்பால் நீரை அரித்து உண்ணும். அணையின் கலிங்கும் அதற்கு அருவிதான்; பாசனத்துக்குக் கட்டியது ஈக்கும் வீடானது. லார்வாப் பருவம் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிப்பதால், வாரம் தவறாமல் ஹெலிகாப்டரிலிருந்து டெமிபாஸ் மருந்தை ஆற்றில் விட்டார்கள். இதைப் பூச்சிமருந்தின் வெற்றிக் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆற்றைப் பற்றிய ஒரு தப்பெண்ணம் திருத்தப்பட்ட வரலாறாகவே எனக்கு அது படுகிறது. ஈ அந்தந்த ஆற்றின் நிலைக்குடி, ஆற்றைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது என்பதே அந்த எண்ணம். 1975 மழைக்காலத் தொடக்கத்தில், லார்வாவே இல்லாத ஆறுகளில் ஈக்கள் வந்து கடித்தன. கோடையில் குட்டைகளாகச் சுருங்கும் சவானா ஆறுகள் மழையில் மீண்டும் ஓடும்போது, அவற்றில் முட்டையிட எங்கிருந்து வந்தன? ஈரச் சேற்றில் ஒளிந்து கோடையைக் கடந்த உள்ளூர் ஈக்களாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே முட்டையிட்ட, வயதான பெண் ஈக்கள். சிலவற்றின் உடலில் நோய்ப்புழு முதிர்ந்தே இருந்தது. வந்த திசையும் தென்மேற்குப் பருவக்காற்றின் திசையோடு பொருந்தியது. 1970களின் பிற்பகுதியில் ஐவரி கோஸ்ட்டில் ஊற்றுக்கண்ணாக இருந்த ஆறுகளில் மருந்திட்டபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடகிழக்கே ஈ வரத்து குறைந்தது. ஒளிந்திருந்தவை என்றால் குறைந்திருக்காது.

அதன் பிறகு திட்டத்தின் எல்லையைக் காற்றே வரைந்தது எனலாம்: 1980களில் கினி, கினி-பிசாவ், செனகல், சியரா லியோன் சேர்ந்து 11 நாடுகளாயின. குருட்டை ஒழித்தது ஐவர்மெக்டின் மாத்திரைதானே, ஆறு எதற்கு என்று கேட்கலாம். அந்த மாத்திரை இலவசமாகக் கிடைத்தது 1987இல். அதுவரை லார்வா ஒழிப்பைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. மாத்திரை குஞ்சுகளைக் கொல்லுமே தவிர, பத்தாண்டுக்கும் மேல் வாழும் தாய்ப்புழுவைக் கொல்லாது. அது செத்து முடியும்வரை புதிய ஈ வராமல் காப்பது ஆற்றில்தான் நடந்தாக வேண்டும். சியரா லியோனில் உள்நாட்டுப் போர் அந்தப் பணியை இடையில் முறித்தது. 2002இல் திட்டம் மூடப்பட்ட பிறகும், அந்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில் மட்டும் வேலை 2007 வரை தொடர்ந்தது.