அரை மலடு: பொலிகுதிரைகளில் குரோமோசோம் இடப்பெயர்வும் இனவிருத்தித் தேர்வும்

1994 அக்டோபர் முதல் 1996 ஜூலை வரை தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற அமெரிக்கக் குதிரை சிகார், ஓய்வுபெற்றதும் கென்டக்கியிலுள்ள பொலிப்பண்ணை ஒன்றுக்குப் போனது. அதனோடு சேர்க்கப்பட்ட 34 பெட்டைகளில் ஒன்றுகூடச் சினைப்படவில்லை. விந்தணுக்களின் குறை நுண்ணோக்கியில் தெரிந்தது, 2.5 கோடி டாலர் காப்பீடு உரிமையாளருக்குக் கைகொடுத்தது. சிகாரின் கோளாறு குரோமோசோம் சார்ந்தது என்று சொல்ல வரவில்லை. மலட்டுக் குதிரை என்றதும் இத்துறையினர் நினைப்பது இப்படியொரு குதிரையைத்தான் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். ஒரே பருவத்தில் குட்டு வெளிப்படுகிறது; இழப்பும் அக்குதிரையோடு முடிகிறது. குரோமோசோம் கோளாறுகளில் பண்ணைகள் அஞ்சவேண்டியது இத்தகைய முழு மலட்டைவிட அரை மலட்டுக்கே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம்கள்: 31 இணை உடற்குரோமோசோம்கள், ஓர் இணை பால்குரோமோசோம்கள். ஆண் குதிரையின் முழு மலட்டுக்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம், ஓர் எக்ஸ் கூடுதலாக அமைந்த 65, எக்ஸ்எக்ஸ்ஒய் நிலை. குட்டி ஆணாகவே பிறக்கும். வளர்ந்தபின் விரைகள் சிறுத்திருக்கும், சில வேளை பைக்குள் இறங்காமலே தங்கிவிடும். விந்தில் அணுக்கள் இரா. கூடுதல் எக்ஸைச் சுமக்கும் விந்தணுத் தாயணுக்கள் விரையில் நிலைப்பதில்லை. இயல்பான உயிரணுக்களும் எக்ஸ்எக்ஸ்ஒய் உயிரணுக்களும் ஒரே உடலில் கலந்திருக்கும் குதிரைகளும் உண்டு. மருத்துவருக்கு இவை சுவையானவை. இனவிருத்தியைப் பொறுத்தவரை, வாரிசில்லாத குதிரையால் வம்சத்துக்குக் கேடில்லை.

எண்ணிக்கை மாறினாலே மலடு என்றும் கொள்ள முடியாது. கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம்கள் என்பதை குர்ட் பெனிர்ஷ்கேயின் குழு 1962இல் உறுதிசெய்தது. குதிரையின் 64, கழுதையின் 62 ஆகியவற்றில் பாதிப்பாதி சேர்ந்த தொகை அது. ஆண் கோவேறு கழுதைகள் மலடு. ஆனால் மங்கோலியப் புல்வெளியின் பிரெவால்ஸ்கி குதிரைக்கு 66 இருந்தும், வீட்டுக் குதிரையோடு கலந்து பிறக்கும் 65 குரோமோசோம் கலப்பினம் வளமானது. அத்தகைய ஆண் ஒன்றின் விரைத் திசுவை 1974இல் ஆராய்ந்தபோது விளக்கம் கிடைத்தது. வீட்டுக் குதிரையின் ஒரு பெரிய குரோமோசோம், பிரெவால்ஸ்கியில் இரண்டு சிறியவையாகத் தனித்தனியே நிற்கிறது. குன்றல் பகுப்பில் மூன்றும் ஒன்றாக இணைந்து ஒழுங்காகப் பிரிகின்றன. கோவேறு கழுதையிலோ பல குரோமோசோம்களின் உள்ளமைப்பே ஒத்துப்போவதில்லை, இணை தேடிக் கிடைக்காமல் பகுப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது. (குரோமோசோம்கள் பாதியாகக் குறைவதை வான் பெனடன் 1883இல் கண்டது குதிரையின் குடற்புழுவில். குதிரையின் குரோமோசோம்களைச் சரியாக எண்ண அதன்பின் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.)

ஆக, முக்கியம் இணைசேர்தலும் பிரிதலும்தான். பரிமாற்ற இடப்பெயர்வு ஆபத்தாவது இங்கேதான். வெவ்வேறு இணைகளைச் சேர்ந்த இரு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. மரபுப்பொருள் கூடவில்லை, குறையவில்லை. குதிரை திடமாக வளரும், பந்தயமும் வெல்லும். சிக்கல் விந்தணு உருவாகும்போதுதான். மாறிய இரண்டும் மாறாத அவற்றின் துணை இரண்டும் நான்காகக் கோத்துக்கொண்டு சிலுவை வடிவில் நிற்கின்றன. எதிரெதிர் மூலையிலுள்ளவை ஒரே பக்கம் போனால் சமநிலையுள்ள விந்தணு. அடுத்தடுத்து உள்ளவை சேர்ந்து போனால் ஒரு துண்டு இரட்டிப்பாகவும் இன்னொன்று இல்லாமலும் போகும். அந்த விந்தணுவும் நன்றாகவே நீந்தும், கருமுட்டையைத் துளைக்கும். கரு உருவான பின்புதான் கணக்குத் தவறுகிறது.

பண்ணையில் இது எப்படித் தெரியும்? சேர்த்த 14 முதல் 16 நாளில் அல்ட்ராசவுண்ட் திரையில் சிறு கருப்பு வட்டமாகச் சினை தெரியும். அடுத்த சில வாரங்களில் மறு ஸ்கேனில் வட்டம் இராது. "சினை கலைந்தது" என்று பெட்டையின் பெயருக்கு நேரே எழுதப்படும். கருப்பைத் தொற்று, புரோஜெஸ்ட்ரோன் குறைவு, தீவனம் எனச் சந்தேகங்கள் எல்லாம் அவள் மீதே விழும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டெரி லியரும் குழுவினரும் 2008இல் இவ்வகையில் அடுத்தடுத்து கரு கலைந்த பெட்டைகளில் மூன்று வெவ்வேறு இடப்பெயர்வுகளைக் காட்டினார்கள். பொலிகுதிரைகளிலும் இவை பதிவாகியுள்ளன. வேறுபாடு அளவில்தான்: பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டியை இழக்கும், புகழ்பெற்ற தரோபிரெட் பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டைகளைச் சேரும். அதன் சினைகளில் பெரும்பங்கு கலைந்தாலும் மிஞ்சிப் பிறப்பவை பல. பிறந்தவற்றில் ஏறக்குறைய பாதி, தகப்பனைப் போலவே இடப்பெயர்வைச் சுமந்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் விற்பனைக்கு வரும். முழு மலடு தன்னையே தடுத்துக்கொள்கிறது. அரை மலடு வாரிசு வைத்துப் போகிறது.

விந்துப் பரிசோதனை இங்கே கைவிடுகிறது. அளவு, அடர்த்தி, நீந்தும் திறன் எதுவும் உள்ளிருக்கும் குரோமோசோமைச் சொல்லாது. வேண்டியது, ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தம். வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பகுப்பின் நடுவில் நிறுத்தி, சாயமேற்றிப் பார்க்கவேண்டும். குதிரையின் உடற்குரோமோசோம்களில் 18 இணைகள் நுனியில் மையம் கொண்டவை, அளவில் படிப்படியாக ஒன்றையொன்று ஒத்தவை. சமநீளத் துண்டுகள் இடம் மாறினால் வெறும் சாயத்தில் தெரியாது. பட்டைச் சாயமும் ஒளிரும் மரபுத்துண்டுகளும் வேண்டும். இரட்டைக் கருவில் இரத்தம் கலந்த குதிரைக்கு எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் இரண்டும் இரத்தத்தில் கிடைக்கும், ஆனாலும் விரை இயல்பாக இருக்கக்கூடும். இவை அறியாமல் அறிக்கை வாங்கினால் அறிக்கையே ஏமாற்றும்.

எல்லாம் சரியாக வந்தாலும் முடிவு வேறாகலாம். டெர்யே ரவுட்செப்பின் குழு 2012இல், 13ஆம் குரோமோசோமிலுள்ள எஃப்கேபிபி6 மரபணுவை, விந்தணுவின் தலைமூடி கரையாமை காரணமான தரோபிரெட் குறை வளத்தோடு தொடர்புபடுத்தியது. அக்குதிரைகளின் வழக்கமான விந்துச் சோதனை இயல்பாகவே இருக்கும். ஆகவே இரத்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது என் வாதமில்லை.

அரிதான கோளாறுக்கு எல்லாக் குதிரைகளையும் சோதிப்பதா என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் பொலிக்கு நிறுத்தப்படும் ஆண்கள் மிகச் சிலவே. அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு சோதனையின் செலவு பொருட்டில்லை. தயக்கம் பணத்தில் இல்லை என்று நினைக்கிறேன். தெரிந்தால் சொல்லவேண்டியிருக்கும் என்பதுதான். செயற்கைக் கருவூட்டலை ஏற்கும் இனங்களில் உறைவிந்து நாடு கடந்து போகிறது, குதிரை இறந்தபின்னும் பயன்படுகிறது. அங்கே சோதனை முதலிலேயே நடக்கவேண்டும். தரோபிரெட்டில் நேரடிச் சேர்க்கை மட்டுமே அனுமதி என்பதால், சினைப் பதிவேட்டைக் குதிரைவாரியாகத் திருப்பி எழுதினாலே பாதி வேலை முடியும்: வெவ்வேறு பண்ணைப் பெட்டைகள் ஒரே பொலிகுதிரைக்குப் பின் 65ஆம் நாளுக்குள் அடிக்கடி கலைந்தால், முதலில் இரத்தம் எடுக்கவேண்டியது ஆணிடம். கோளாறு உறுதியானால் அதன் குட்டிகளையும், பொலிக்குப் போகுமுன், சோதிக்கவேண்டும்.