கெடு தவறிய மோதிரம்

எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' கதை 1937 செப்டம்பரில் வெளிவந்து நன்றாக விற்கத் தொடங்கியதும், பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அடுத்த கதையைக் கேட்டார். அந்த டிசம்பரிலேயே டோல்கீன் எழுத உட்கார்ந்துவிட்டார். 1939 நடுவில் முடித்துவிடலாம் என்று தனக்கே ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார். அது தவறியது. 1942 இறுதியில், இன்னும் ஆறு அத்தியாயம் எழுதினால் போதும் என்று கணக்குப் போட்டார். அதுவும் பொய்த்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதி முடிந்தது 1949இல். இந்தத் தாமதத்துக்குப் போரையும் பேராசிரியர் வேலையையும் காரணம் காட்டுவது வழக்கம். மறுப்பதற்கில்லை: விடைத்தாள் திருத்தம், வான்தாக்குதல் காவல், காகிதத் தட்டுப்பாடு எல்லாம் இருந்தன; கதையின் கணிசமான பகுதி பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதப்பட்டது. ஆனால் போர் மூளும் முன்பே முதல் அத்தியாயம் பலமுறை மாற்றி எழுதப்பட்டுவிட்டது. போர் முடிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. அவர் வேலை செய்த விதத்திலேயே தாமதத்துக்கு இடம் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அந்நூலின் வரைவுகளை அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1988 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றைப் பார்த்தால், டோல்கீன் கதையை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு மெருகேற்றியவர் அல்ல என்பது தெரிகிறது. பின்னாளில் அரசனாக முடிசூடும் அரகார்ன், ஆரம்ப வரைவில் மரக்காலணி போட்ட ஒரு ஹாபிட் (குட்டையான கற்பனை இனத்தவன்). 'தி ஹாபிட்'டின் நாயகன் பில்போவின் மோதிரம் உலகையே ஆளவல்ல தீய மோதிரம் என்பதும் எழுதும்போது பிறந்த எண்ணமே. அப்படி ஒன்று தெளிவானதும் முன் அத்தியாயங்கள் எல்லாம் செல்லாக்காசாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. அச்சாகி விற்றுக்கொண்டிருந்த 'தி ஹாபிட்'டும் தப்பவில்லை: கோலம் என்ற பாத்திரம் மோதிரத்தையே பந்தயம் வைக்கும் அத்தியாயம் 1951 பதிப்பில் மாறியது. 1944இல், கதையில் நிலா ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைவதைக் கண்டு அதையும் சரிசெய்தார். (அவர் திருத்தாமல் விட்டிருந்தால் எத்தனை வாசகர் கவனித்திருப்பார்கள்?) எழுத மீதமுள்ள அத்தியாயங்களை எண்ணித்தான் கெடு வைத்தார், வேலையோ எழுதி முடித்தவற்றில் கிடந்தது.

அப்படியானால் கெடுவே இல்லாமல் விட்டிருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அதற்கு 'தி சில்மரில்லியன்' பதில். அந்தப் புராணத் தொகுப்பை முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி, 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. 1977இல் மகன்தான் அதைத் தொகுத்து வெளியிட்டார். ஒரே மனிதர், ஒரே திருத்தும் பழக்கம். வேறுபாடு, காத்திருந்த வாசகரில் இருக்கிறது. 1944 ஏப்ரலில், நெடுநாள் நின்றுபோயிருந்த கதையை டோல்கீன் மீண்டும் எடுத்தார். விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த கிறிஸ்டோபருக்கு அத்தியாயங்கள் தபாலில் போயின. கதை நாயகன் ஃப்ரோடோவும் துணைவன் சாமும் தீய நாடான மொர்டோரை நோக்கிப் போகும் பகுதி முழுவதும் மே மாத முடிவுக்குள் எழுதி முடிந்தது. நண்பர் சி. எஸ். லூயிஸின் தூண்டுதலும் இதே வகையில் சேரும்.

பதிப்பகத்தார் காத்திருந்தாலும் அதுவே நடந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பு வேறு. 1965இல் ஏஸ் புக்ஸ் என்ற பதிப்பகம் அனுமதியின்றி 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் அமெரிக்கப் பதிப்பு வெளியிட்டபோது, காப்புரிமையைக் காக்க அதையும் 'தி ஹாபிட்'டையும் அவசரமாகத் திருத்தித் தரும்படி டோல்கீனிடம் அவருடைய பதிப்பாளர்கள் கேட்டார்கள். மெய்யான, பணம் சம்பந்தப்பட்ட கெடு. அவரோ வேறொரு கதையில் ஆழ்ந்துபோனார். அனுமதி பெற்ற அமெரிக்கப் பதிப்பாளரான பாலன்டைன் நிறுவனம் காத்துப் பார்த்துவிட்டு, 'தி ஹாபிட்'டைத் திருத்தமில்லாமலே அச்சிட்டது.