நோக்கியா

பின்லாந்தில் 1865இல் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கிய நிறுவனம். 1998இல் மோட்டோரோலாவை முந்திக் கைபேசி விற்பனையில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. 2003இல் வந்த 1100 மாடல் 25 கோடி விற்றது. தூசி புகாத பொத்தான்கள், உச்சியில் ஒரு டார்ச்: மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களுக்கு வேறென்ன வேண்டும்!

ஸ்மார்ட்போனிலும் அதன் சிம்பியன் மென்பொருளே கோலோச்சியது; 2007இல் ஐபோன் வந்தபின் அந்தப் பிடி தளரத் தொடங்கியது. விரல் தடவும் திரைக்கு அந்தப் பழைய மென்பொருள் ஈடுகொடுக்கவில்லை. 2011இல் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் ஈலோப் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக விண்டோஸைத் தேர்ந்தது பெரும்பிழை. செயலி உருவாக்குவோர் அந்தப் பக்கம் வரத் தயங்கினர்.

2012இல் மொத்தக் கைபேசி விற்பனையில் நோக்கியாவைச் சாம்சங் முந்தியது.

2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் வசம் போனது. வரித் தகராறில் சிக்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1இல் அங்கு உற்பத்தி நின்றது.